வரி கொடுத்தோரும் வாக்களித்தோரும்

பத்திரிகையைக் கையிலெடுத்தவுடன் நம்மவர்களில் பெரும்பாலோர் எந்தப் பக்கத்தை முதலில் புரட்டுகின்றனர் என்பதை நாம் அறிவோம். சினிமாச் செய்தியும், பந்தாட்டச் செய்தியும், கொலை கொள்ளைச் செய்தியும் ஓர் எழுத்து விடாமல் வாசிக்கப்படுகின்றன. பார்லிமெண்டில் இன்ன மசோதா இரண்டாம் முறை வாசிக்கப்பட்டது, இன்ன பொருளின்மீது தீர்வை உயர்த்தப்பட்டது என்னும் செய்தியோ, அந்தக் காகிதம் பொட்டலம் மடிக்கப்படும் வரையில் எவர் கண்ணிலும் படுவதில்லை. அது வறண்ட செய்தி, அன்றாட அலுவல், அதில் நமக்கென்ன என்பது பொதுவான அபிப்பிராயம். அவ்வபிப்பிராயம் பிழையானது. வறண்டது என்று நாம் ஒதுக்கும் அச்செய்தியே நம் மடியிலுள்ள காசைத் தொடுவது. இதனைச் சிங்கப்பூரின் சரித்திரத்தைக் கொண்டு எடுத்துக்காட்ட முற்படுகின்றோம்.

நாம் ஜொகூரில் ஒரு தோட்டத்திலே கிராணி வேலை பார்ப்பவர். செக்ரோலை முடித்துச் சம்பளம் போடும் நாளில், எழுத்தறியாத முதியவரும் தம் கணக்கில் ஐந்து வெள்ளி பிடிக்கப்பட்டிருந்தால், "இது எதற்காகப் பிடித்தது, ஐயா?" என்று கேளாமல் நகரமாட்டார். கேட்பது அவர் உரிமை. விளக்குவது நம் கடமை. சில ஆண்டுகளுக்கு முன் தீபாவளிச் சாமான் வாங்குவதற்காக நம் தோட்டத்து மண்டோர் ஒருவருடன் தேக்காவுக்குப் புறப்பட்டோம். அவர் சட்டைப் பையிலே பாதி தீர்ந்த சிகரெட்டுப் பெட்டி ஒன்று இருந்தது. உட்லண்ட்ஸ் சாவடியில் அதை அவர் சொல்லவில்லை. சொல்ல வேண்டும் என்பதையும் அறியார். சிங்கப்பூருக்குள் கொண்டுவரும் சிகரெட்டு ஒரு குச்சியாயினும் அதற்குத் தீர்வை உண்டு என்பது சட்டம். அபராதம் கட்டிவிட்டுப் பேருந்தில் ஏறியபின் அவர் கேட்டார்: "இந்தச் சட்டத்தை யார், எப்போது போட்டார்கள், தம்பி? அங்கே நம்மவர் யாரும் இருக்கவில்லையா?" ஆங்கிலப் பள்ளியிலே பயின்று, சட்டத்தை மூல பாஷையிலேயே வாசிக்கும் வல்லமை பெற்றிருந்தும், நமக்கு விடை தெரியவில்லை. ஐந்து வெள்ளிக்குக் கணக்குச் சொல்லும் கிராணி, பல கோடி வெள்ளிக் கணக்கைப் பற்றி வாய் மூடியிருந்தோம். அந்த வெட்கமே இக்கட்டுரைக்குக் காரணம்.

சுங்கமில்லாத் துறைமுகம்

1819-ஆம் ஆண்டில் ராபிள்ஸ் சிங்கப்பூரில் கிழக்கிந்தியக் கம்பெனியின் கொடியை ஏற்றியபொழுது, இது சுங்கமில்லாத் துறைமுகமாக இருக்கும் என்று விதித்தார். வந்து போகும் சரக்குக்கு வரியில்லை. அதனாலன்றோ சீனத்துக் கப்பலும், பூகிஸ் மரக்கலமும், நாகப்பட்டினத்து வணிகரும் இங்கே வந்து குவிந்தனர்! இப்பெருமையை எல்லாப் பாடப் புத்தகங்களும் பேசுகின்றன. ஆயினும் ஓர் ஊரை ஆளுவதற்குப் பணம் வேண்டும். போலீசுக்குச் சம்பளமும், பாதைக்குக் கல்லும், வானத்திலிருந்து விழுவதில்லை. சரக்குக்கு வரியில்லையென்றால் பணம் எங்கிருந்து வந்தது?

1820-ஆம் ஆண்டிலேயே முதல் ரெசிடெண்டாகிய பார்க்குவார் அதற்கு வழி கண்டார். அபினி விற்கவும், சாராயம் விற்கவும், சூதாட்டக் கொட்டகை நடத்தவும் உரிய ஏகபோக உரிமையை அவர் குத்தகைக்கு விட்டார். குத்தகை எடுத்த தனவந்தர் சர்க்காருக்கு மாதந்தோறும் ஒரு தொகையைக் கட்டிவிடுவார். பின்னர்க் குடிப்பவனிடமும் புகைப்பவனிடமும் தாம் விரும்பிய விலைக்கு விற்று, கட்டியதற்கு மேல் எடுத்துக்கொள்வார். சர்க்காருக்குத் தண்டும் வேலை மிச்சம். தனவந்தருக்கு லாபம் மிச்சம். கூலிக்காரனுக்கு மிஞ்சியது பழக்கமும் கடனுமே. சூதாட்டக் குத்தகை ராபிள்ஸுக்குப் பிடிக்கவில்லை. அவர் அதனை 1823-இல் ஒழித்தார். அவருக்குப்பின் வந்த கிராபர்டு மறுபடி கொண்டுவந்தார். 1829-இல் அது முடிவாக நின்றது. அபினிக் குத்தகையோ 1909-ஆம் ஆண்டின் இறுதி வரையில், ஏறத்தாழ 90 ஆண்டுகள், அசையாமல் நின்றது. 1910 முதல் சர்க்காரே அபினியைக் காய்ச்சி விற்கத் தொடங்கிற்று.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் பல ஆண்டுகளில் சர்க்காருக்கு வந்த வருமானத்தில் ஏறக்குறைய பாதி அபினியிலிருந்தே வந்தது என்று சரித்திர ஆசிரியர்கள் கணக்கிட்டிருக்கின்றனர். அபினியைப் புகைத்தவர் யார்? கம்பிர் தோட்டத்திலும், துறைமுகத்திலும், ரிக்‌ஷாவின் நுகத்தடியிலும் உடல் தேய்ந்த சீனக் கூலிகளே பெரும்பாலோர். ஆகவே சுங்கமில்லாத் துறைமுகம் என்பது வணிகனுக்கே சுங்கமில்லாத் துறைமுகம்; உழைப்பாளிக்கு அன்று. வணிகனுடைய மிளகு மூட்டைக்கு வரியில்லை. அம்மூட்டையைச் சுமந்தவன் மாலையிலே வலி மறக்கத் தேடிய புகைக்கு வரியுண்டு. இவ்வுண்மையை நம்மவர்கள் மனத்திற் பதித்துக்கொள்ள வேண்டுகின்றோம்.

சபையில் இருந்தவர் யார்?

1867-ஆம் ஆண்டு ஏப்ரல் 1-ஆம் தேதி, சிங்கப்பூரும் பினாங்கும் மலாக்காவும் அடங்கிய ஜலசந்திக் குடியேற்ற நாடுகள் இந்திய சர்க்காரின் ஆட்சியிலிருந்து பிரிக்கப்பட்டு, நேரே லண்டன் காலனி இலாகாவின்கீழ் வந்தன. சட்ட நிரூபண சபை ஒன்று ஏற்பட்டது. கவர்னர் தலைமை வகித்தார், உத்தியோகஸ்தர்களே பெரும்பான்மை, உத்தியோகப்பற்றற்றவர்கள் சிலர் கவர்னரால் நியமிக்கப்பட்டனர். ஹூ ஆ கே என்னும் வாம்போவா 1869-இல் நியமனம் பெற்று, அச்சபையில் அமர்ந்த முதல் ஆசியரானார். அவரும் பெருவணிகரே. தேர்தல் என்பது இல்லை. அபினிக்கும் சாராயத்துக்கும் காசு கொடுத்த கூலிக்கு அங்கே ஆசனமில்லை; அவன் பாஷைக்கு அங்கே இடமில்லை.

அச்சபை பணக்காரர்மீது வரி போட நினைத்தபொழுது நடந்ததையும் பாருங்கள். 1910-இல் வருமான வரி மசோதா ஒன்று கொண்டுவரப்பட்டது. வணிகர் கூட்டமெல்லாம் ஒன்று திரண்டு கூக்குரலிட்டது, மசோதா கைவிடப்பட்டது. முதல் உலகப் போர் மூண்டு, பணமுடை வந்தபொழுது, 1916-இல் புகையிலையின்மீது தீர்வை விதிக்கப்பட்டது. அது நிலைத்துவிட்டது. 1917-இல் யுத்த வரி என்னும் பெயரால் வருமான வரியும் வந்தது. யுத்தம் முடிந்தபின் அது மறைந்தது. பணக்காரனுக்கு விதித்த வரி யுத்தத்தோடு போயிற்று. ஏழையும் கொடுக்கும் வரி யுத்தத்துக்குப் பின்னும் இருந்தது. கூக்குரலிட வல்லவர் சபைக்குள் இருந்தனர். அவ்வன்மை இல்லாதவர் வெளியே இருந்தனர். வேறு காரணம் தேட வேண்டியதில்லை.

புகையிலைக்கு வரி போடுவது சிங்கப்பூர் கண்ட புதுமையன்று. இங்கிலாந்தில் முதலாம் ஜேம்ஸ் மன்னர் 1604-இல் புகையிலையைக் கண்டித்து ஒரு நூல் எழுதினார். அதே ஆண்டில், ராத்தலுக்கு 2 பென்சாக இருந்த தீர்வையை 6 ஷில்லிங் 10 பென்சாக உயர்த்தினார். வெறுத்த பொருளிலிருந்தே அரண்மனைக்குப் பணம் வந்தது. நம் தாய்நாட்டிலும் இரண்டாம் உலகப் போரின் இடையே 1943-இல் புகையிலைக்குக் கலால் வரி பிறந்தது. திண்டுக்கல் குடியானவன் அன்றுமுதல் அதனைச் சுமந்தான். போர் வரும்பொழுதெல்லாம் புகையிலையைத் தேடி வரி வருகின்றது. என்னை? புகைப்பவன் எளிதில் விடமாட்டான். நாலு பேர் முன்னிலையில் அதற்காக வாதாடவும் கூசுவான். வரி விதிப்போர்க்கு இதனினும் வசதியான பிரஜை கிடைப்பானா?

வாக்கு வந்த கதை

ஜப்பானியர் ஆட்சி கழிந்தபின் காலம் மாறிற்று. அபினி 1946-இல் சட்டத்தால் தடுக்கப்பட்டது. பழைய வருமானம் போயிற்று. வணிகரின் பலமான எதிர்ப்பு இருந்தும் வருமான வரிச் சட்டம் 1947-இல் செய்யப்பட்டு, 1948-இல் நடைமுறைக்கு வந்தது. அந்த 1948-ஆம் ஆண்டு மார்ச் 20-ஆம் தேதி சிங்கப்பூரின் முதல் தேர்தல் நடந்தது. சபையில் ஆசனங்கள் 22. மக்கள் தேர்ந்தெடுக்கக் கூடியவை 6 மட்டுமே. ஐரோப்பியர், சீனர், இந்தியர் ஆகியோரின் வர்த்தக சங்கங்களுக்கு ஆளுக்கொன்றாக 3 ஆசனங்கள் தனியே வைக்கப்பட்டிருந்தன! ஊரிலே 9 லட்சத்துக்கு மேற்பட்ட மக்கள் இருக்க, வாக்காளராகப் பதிந்தவர் 22,000-க்குச் சற்று மேல். பிரிட்டிஷ் பிரஜையாயிருந்தாலன்றி வாக்கில்லை. பதிந்தவருள் இந்தியரின் தொகை அவர்களுடைய ஜனத்தொகை விகிதத்துக்கு மிக அதிகமாக இருந்தது என்பது நம்மவர் நினைவில் வைக்கத்தக்கது. வாக்கின் அருமையை அறிந்தவர் நம்மில் அன்றே பலர் இருந்தனர்.

1955-இல் 32 ஆசனங்களில் 25 தேர்தலுக்கு விடப்பட்டன. வாக்காளர் தொகை 3 லட்சமாயிற்று. 1957-இல் குடியுரிமைச் சட்டம் வந்தது. 1959-இல் 51 ஆசனங்களும் மக்களுக்கே உரியவாயின, வாக்களிப்பது கட்டாயமாயிற்று, பதிந்தவர் ஐந்தே முக்கால் லட்சத்துக்கும் மேலாயினர். பதினோரே ஆண்டுகளில் 22,000 எங்கே, ஐந்தே முக்கால் லட்சம் எங்கே! துறைமுகத் தொழிலாளியும், நகராண்மைக் கூலியும், தேக்காவின் பெட்டிக்கடைக்காரரும் வரி கொடுப்போராக மட்டும் இருந்த நிலை நீங்கி, வாக்களிப்போருமாயினர்.

பாஷையும் சபைக்குள் நுழைந்தது. 1965-ஆம் ஆண்டு டிசம்பர் 8-ஆம் தேதி சுதந்திர சிங்கப்பூரின் பார்லிமெண்டு முதன்முறை கூடிற்று. அம்மாதம் 22-ஆம் தேதி நிறைவேறிய சுதந்திரச் சட்டம் மலாய், சீனம், தமிழ், ஆங்கிலம் ஆகிய நான்கையும் உத்தியோக பாஷைகளாக உறுதி செய்தது. பார்லிமெண்டில் இந்நான்கில் எதிலும் விவாதிக்கலாம் என்று அரசியலமைப்பு கூறுகின்றது. ஓர் அங்கத்தினர் தமிழில் எழுந்து பேசினால், மொழிபெயர்ப்பாளர் அதனை உடனுக்குடன் மாற்றிச் சொல்ல, மற்றவர் செவியில் குழாய் வைத்துக் கேட்கின்றனர்.

1999 வரையில் பார்லிமெண்டு கூடிய பழைய மாளிகை சிங்கப்பூர் ஆற்றின் கரையில் இன்றும் நிற்கின்றது. கோல்மன் என்னும் சிற்பி 1827-இல் கட்டியது அது. அதன் முன்னே வெண்கல யானை ஒன்று உண்டு. 1871-இல் இங்கே வந்து சென்ற சயாம் மன்னர் சூலலங்கார்ன் அளித்த பரிசு. அதன் பீடத்தில் சயாம், ஜாவி, சீனம், ஆங்கிலம் ஆகிய எழுத்துகள் உள்ளன, தமிழ் இல்லை. அதன் பின்னேயுள்ள மாளிகைக்குள் தமிழ் புகுவதற்கு அதன்பின் ஏறக்குறைய தொண்ணூறு ஆண்டுகள் ஆயின. அந்த யானையைக் காணும்பொழுதெல்லாம், பிசிராந்தையார் பாண்டியன் அறிவுடைநம்பிக்குச் சொன்ன யானை நமக்கு நினைவு வருகின்றது. அறிந்து அளவாய்ப் பெறும் அரசன், கவளம் கவளமாக ஊட்டப்படும் யானையைப் போல்வான். அறியாது பறிப்பவன், வயலில் புகுந்து மிதிக்கும் யானையைப் போல்வான் என்பது அப்புலவர் கருத்து. புலவர் அரசனிடம் நேரில் நின்று சொன்னார். இன்று சொல்ல வேண்டியவர் வாக்காளரே.

அன்றாட அலுவல் என்பது யாது?

இனி, வறண்டது எனப்படும் அந்த அலுவலின் முறையைச் சிறிது பார்ப்போம். ஒரு மசோதா மும்முறை வாசிக்கப்படும். முதல் வாசிப்பில் தலைப்பு மட்டும் படிக்கப்படும். இரண்டாம் வாசிப்பில் கொள்கை விவாதிக்கப்படும். பின்னர்ச் சபை முழுவதுமே ஒரு கமிட்டியாக அமர்ந்து, அல்லது தேர்ந்தெடுத்த சிலரிடம் விட்டு, பிரிவு பிரிவாக ஆராயும். மூன்றாம் வாசிப்போடு சபையின் வேலை முடியும். சிறுபான்மையோர்க்குக் கேடு உண்டா என்று பார்ப்பதற்கு ஒரு தனி மன்றமும் உண்டு. முடிவில் ஜனாதிபதி இசைவளிப்பார், கெஜட்டில் வெளியாகும்.

நிதிநிலைத் திட்டத்தின்போது ஒரு வழக்கம் உண்டு. அது நம் கருத்தை மிகவும் கவர்ந்தது. ஓர் இலாகாவின் செலவைப் பற்றிப் பேச விரும்பும் அங்கத்தினர், அவ்விலாகாவுக்கு ஒதுக்கிய பல கோடியில் 100 வெள்ளியைக் குறைக்க வேண்டும் என்று பிரேரணை கொண்டுவருவார். அந்த 100 வெள்ளி குறைவதில்லை. பேசி முடித்தபின் பிரேரணையை வாபஸ் வாங்கிக்கொள்வார். கேள்வி கேட்பதற்கு அது ஒரு வாயில். நம் தோட்டத்து முதியவர் ஐந்து வெள்ளியைச் சுட்டி, "இது எதற்காக?" என்று கேட்கின்றாரே, அதே கேள்விதான் அங்கே 100 வெள்ளி வேஷம் போட்டு வருகின்றது!

புகையிலைத் தீர்வையோ இத்துணை நாள் காத்திருப்பதில்லை. முன்கூட்டிச் சொன்னால் கடைக்காரர் பதுக்குவர். ஆதலின் நிதியமைச்சர் அறிவித்த அன்றே விலை ஏறும். தர்மன் சண்முகரத்தினம் நிதியமைச்சராயிருந்த 2014-ஆம் ஆண்டு பிப்ரவரி 21-ஆம் தேதி 100-க்கு 10 விகிதம் ஏறிற்று. (அவரே 2023 செப்டம்பரில் ஜனாதிபதியாகப் பதவியேற்றார்.) 2018-ஆம் ஆண்டு பிப்ரவரி 19-ஆம் தேதி மீண்டும் 100-க்கு 10. 2023-ஆம் ஆண்டு பிப்ரவரி 14-ஆம் தேதி 100-க்கு 15. அன்று குச்சி ஒன்றுக்கு 42.7 காசாக இருந்த தீர்வை 49.1 காசாயிற்று. கிராணிக் கணக்குப் போட்டுப் பார்ப்போம். 20 குச்சிப் பெட்டிக்குத் தீர்வை மட்டும் 9 வெள்ளி 82 காசு. நாளொன்றுக்கு ஒரு பெட்டி புகைப்பவர் அந்த விகிதப்படி 30 நாளில் கட்டுவது 294 வெள்ளி 60 காசு. ஓராண்டில் 3,584 வெள்ளிக்கு மேல். இத்தொகையை மண்டோர் சம்பளத்தில் நாம் பிடித்திருந்தால், அலுவலக வாசலில் என்ன நடந்திருக்கும் என்று சொல்ல வேண்டுமா?

தீர்வையின் நுணுக்கம் ஒவ்வொன்றுக்கும் ஒரு காரணம் இருக்கின்றது. முன்பு சிகரெட்டுக்கு எடைப்படி வரி. கம்பெனிக்காரர் குச்சியின் எடையைக் குறைத்து வரியையும் குறைத்துக்கொண்டனர். 2003 ஜூலை முதல் குச்சிக்கு இவ்வளவு என்று மாற்றப்பட்டது. வரி செலுத்திய சிகரெட்டைத் தெரிந்துகொள்வதற்காக 2009 முதல் ஒவ்வொரு குச்சியிலும் அடையாள எழுத்து அச்சிடப்படுகின்றது. நம்மவர் புகைத்த பீடிக்கும், சீனர் சுருட்டும் ஆங் ஹூன் தூளுக்கும் நெடுங்காலம் குறைந்த வரியே இருந்தது. சிகரெட்டு விலை ஏறியதால் மக்கள் அவற்றை நாடவே, அவற்றின் வரியும் படிப்படியாக ஏற்றப்பட்டது. பாட்டனார் இடுப்பிலிருந்த மூக்குப்பொடியும், வாயிலிடும் குட்காவும் ஜர்தாவும் 2016-ஆம் ஆண்டு ஆகஸ்டு 1 முதல் அடியோடு தடுக்கப்பட்டன. 2017 நவம்பரில் நிறைவேறிய சட்டத்தின்படி, புகையிலை வாங்கும் வயது 18-லிருந்து ஆண்டுக்கொன்றாக ஏறி 2021-இல் 21 ஆயிற்று. இவை யாவும் தேக்காவின் கடை வாசலிலே நாம் கண்ணால் கண்ட மாறுதல்கள். இவை எல்லாம் அன்றாட அலுவலாகவே நடந்தன.

ஒரு வினாவும் விடையும்

"புகை பகை, வரி ஏறினால் ஏறட்டுமே, இதற்கு ஏன் ஒரு கட்டுரை?" என்று சீர்திருத்த நண்பர்கள் கேட்கக்கூடும். புகையிலை தீது என்பதில் நமக்கும் ஐயமில்லை. அதனை விட்டவர் நலம் பெற்றவர். நம் கட்சி வேறு. அபினிக் காலத்திலும், வரி போட்டால் பழக்கம் குறையும் என்று சிலர் பேசினர். ஆனால் அப்பழக்கம் குறைந்தால் கஜானா காலியாகும் என்ற நிலையில் அச்சர்க்கார் இருந்தது. ஆகவே இத்தகைய வரியை அளக்கும் கோல் ஒன்றுதான்: பழக்கமுள்ளவர் தொகை குறைகின்றதா? சிங்கப்பூரில் 1992-இல் 100-க்கு 18.3 பேராக இருந்த புகைப்போர் 2020-இல் 10.1 பேராகக் குறைந்தனர் என்று சுகாதாரக் கணக்கு சொல்கின்றது. இது வரியால் மட்டும் வந்ததன்று. விளம்பரத் தடை, பொது இடத் தடை முதலியனவும் துணை செய்தன. அபினிக் குத்தகைக்கும் இதற்குமுள்ள வேற்றுமை இதுவே. இதனை நாம் மனமார ஒப்புக்கொள்கின்றோம்.

எனினும் கேட்க வேண்டியவை எஞ்சியிருக்கின்றன. வருவாய் குறைந்தவனுக்கு அந்த 9 வெள்ளி 82 காசு ஒரு வேளை அரிசி. வருவாய் மிகுந்தவனுக்கு அது சில்லறை. வரி ஏறியும் விட முடியாதவனுக்கு, விடுவதற்கு உதவி அவன் பாஷையில் கிடைக்கின்றதா? கள்ளச் சிகரெட்டின் வலையில் விழும் இளைஞனுக்கு முன்னரே எச்சரிக்கை சென்றதா? இவற்றை 1867-இல் கேட்க ஆளில்லை. இன்று ஆளுண்டு, ஆசனமுண்டு, பாஷையுமுண்டு. கேட்கும்படி ஏவுவதற்கு வாசிக்கும் ஜனங்கள் வேண்டும். சபையில் தமிழ் ஒலிக்க உரிமை பெற்றோம். சபையைத் தமிழில் கேட்கும் வழக்கத்தை இன்னும் பெறவில்லை.

தோட்டத்துத் தோழர்களே! நகரத்து நண்பர்களே! இது சிங்கப்பூருக்கு மட்டும் சொல்லும் புத்திமதியன்று. கோலாலம்பூர் மக்களவையிலும் இதே வறண்ட அலுவல் நடக்கின்றது. அதுவும் நம் செக்ரோலைத் தொடுகின்றது. எழுத்தறிந்தவர் ஒருவர், வாரத்தில் ஒரு மாலை, வாசகசாலையிலோ கோயில் திண்ணையிலோ அமர்ந்து, அவ்வாரத்துச் சபை அலுவலை மற்றவர்க்குப் படித்துச் சொல்வாராயின் அது பெருந்தொண்டாகும். நாம் அதனை நம் தோட்டத்தில் தொடங்கியிருக்கின்றோம். முதல் நாள் வந்தவர் நால்வர். அவருள் ஒருவர் அந்த மண்டோர். அன்று பேருந்தில் அவர் கேட்ட கேள்விக்குரிய விடையை, 1820-இல் தொடங்கி, ஆண்டு ஆண்டாக அவருக்கு எடுத்துச் சொன்னோம்.